மலையில் ஓடும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: சென்சரை மாற்றுவதற்கு முன்

என் பழைய டொயோட்டா லெவின் காரை முதன்முதலாக நுவரெலியாவுக்கு ஓட்டிவந்த அன்று, புசல்லாவை தாண்டியதுமே அதற்கு மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. இறம்பொடை வளைவுகளில் மூன்றாம் கியரில் ஏறவேண்டிய இடங்களில் இரண்டுக்கு இறங்கினேன். லபுக்கலையில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோது, விற்றவர் நன்றாகத் தலையில் கட்டிவிட்டார் என்று முடிவே செய்துவிட்டேன். அடுத்த மூன்று வாரத்தில் இரண்டு சென்சர்களை மாற்றினேன். ஒன்று கராஜில் சொன்னதற்காக, மற்றது எனக்கே தோன்றியதற்காக. ஒரு வித்தியாசமும் இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பளையில் ஒரு கல்யாண வீட்டுக்கு இறங்கினேன். அங்கே கார் அவிழ்த்துவிட்ட காளை மாதிரி ஓடியது.

காரில் பழுதே இல்லை. மலை எடுத்துக்கொண்டதைத்தான் நான் சென்சரின் கணக்கில் எழுதியிருந்தேன்.

என்னுடையது 1997ஆம் ஆண்டு டொயோட்டா லெவின், ஏ.ஈ.111 உடல், 4ஏ-ஜி.ஈ. இருபது வால்வு எஞ்சின். நாலு பேர் உட்காரும் கூப்பேயை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லலாமா என்று சண்டைக்கு வருபவர்கள் வரலாம். நிமிடத்துக்கு 7,800 சுற்றில் 165 குதிரைவலு தருகிற எஞ்சினுக்கு அந்தப் பெயரைக் கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை. கீழே வரும் எண்கள் அந்தக் காலத்து டொயோட்டாக்களுக்குப் பொருந்தும். மஸ்டா, ஹொண்டா, நிசான் வைத்திருப்பவர்களுக்கு எண்களும் பிளக் வடிவமும் மாறும், வழிமுறை மாறாது. 2020இல் வாகன இறக்குமதி நின்று, 2025இல்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் இப்படிப்பட்ட கார்களைப் புதிதாக வாங்கிய பலர் முதன்முதலாகப் போனட்டைத் திறந்தவர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மலையைக் கழியுங்கள்

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கொழும்பில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்குதான். குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பதால் கொஞ்சம் ஈடுசெய்கிறது. அப்படியும் டர்போ இல்லாத எஞ்சின் ஆறில் ஒரு பங்கு பலத்தையாவது இழக்கும். ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் 1,200 மீட்டரைத் தாண்டிய உயரம், அங்கே இழப்பு இதைவிடக் குறைவு. கண்டியில் உணரவே மாட்டீர்கள்.

ஆகவே முதல் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். காரை கீழே கொண்டுபோங்கள். நுவரெலியாக்காரர் கம்பளைக்கு, ஹட்டன்காரர் கினிகத்தேனைக்கும் கீழே. அங்கே நன்றாக ஓடி, மேலே வந்ததும் சோர்ந்துபோனால், சோர்வு மட்டும்தான் குறை என்றால், காரில் கை வைக்காமல் விட்டுவிடுங்கள். ஆனால் உயரம் பலத்தைத்தான் குறைக்கும். எஞ்சினைக் குலுக்காது, சிக்னலில் நிற்கும்போது அணைக்காது, சைலன்சரில் கறுப்புப் புகை வரவைக்காது, டாஷில் உள்ள செக் லைட் என்ற எஞ்சின் எச்சரிக்கை விளக்கை எரியவிடாது. இவற்றில் ஏதாவது இருந்தால் தேடவேண்டியது உண்மையான பழுதைத்தான்.

எடுத்துவைக்க வேண்டியவை

சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று. இரண்டு தையல் ஊசி. ஒரு பேப்பர் கிளிப் அல்லது இருபுறமும் உரித்த சிறு வயர்த் துண்டு. கன்டாக்ட் கிளீனர் ஒரு போத்தல், பழைய பல்தூரிகை, டார்ச், ஒரு கொப்பி. கொப்பியைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். இந்த வேலையில் மீட்டருக்கு அடுத்த முக்கியமான கருவி அதுதான்.

போனில் இணைக்கும் நீல நிற ஸ்கேனர் கருவியை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் மூன்று பேராவது இருப்பார்கள். அமெரிக்காவில் 1996இலிருந்தே கட்டாயமான அந்த முறை, ஜப்பானில் உள்நாட்டுக்கென்று அதே ஆண்டுகளில் செய்த கார்களில் இல்லை. நம் கைக்கு வருபவை பெரும்பாலும் அந்த ஜப்பான் உள்நாட்டுக் கார்கள்தான். பிளக் பொருந்தினாலும் பேச்சு பொருந்தாது.

இன்னொன்று, நம் வீட்டு முற்றங்கள் தட்டையானவை அல்ல. ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பாமல் சக்கரத்துக்குக் கல் அடை கொடுங்கள். குளிருகிறது என்று கராஜ் கதவை மூடிக்கொண்டு எஞ்சினை ஓடவிடாதீர்கள். அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

சென்சர் அல்லாதவை

சென்சர் பழுது என்று வரும் கார்களில் பாதிக்கு மேல், எனக்குத் தெரிந்தவரை, சென்சரைத் தவிர வேறு எதுவோதான். பெட்டரி 12.4 வோல்ட்டுக்குக் குறைவா? முதலில் சார்ஜ் செய்யுங்கள். ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பிளக் வயர் இவை மூன்றையும் எப்போது மாற்றினீர்கள் என்று நினைவில்லையென்றால் அங்கிருந்தே தொடங்குங்கள்.

பனிமூட்டக் காலையில் மட்டும் குலுங்கி, வெயில் ஏறியதும் சரியாகிவிடுகிறதா? ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஈரம் வேர்த்திருக்கும், அல்லது மூடியில் தலைமுடி போல் வெடிப்பு ஓடியிருக்கும். ஜூன், ஜூலையில் தலவாக்கலை, நானுஓயாப் பக்கம் இது சளிக்காய்ச்சல் மாதிரி, எல்லாருக்கும் வரும்.

அடுத்தது வெக்கம் ஹோஸ், அதாவது எஞ்சினின் உறிஞ்சலைக் கொண்டுபோகும் சிறு ரப்பர்க் குழாய். இருபத்தைந்து வருட ரப்பர் முனைகளில்தான் வெடிக்கும். இந்த எஞ்சினில் நாலு சிலிண்டருக்கும் தனித்தனித் திராட்டில் (ஆக்சிலேட்டரை மிதித்தால் திறந்து காற்றை விடும் கதவு), அதனால் சிறு ஹோஸ்களும் அதிகம். எஞ்சின் ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல், ஓடும்போது ஸ்பிரே போத்தலில் சோப்புத் தண்ணீர் எடுத்து ஹோஸ் முனைகளில் மெல்ல அடியுங்கள், மின்சார பிளக்குகளில் படாமல். எங்கே அடிக்கும்போது எஞ்சின் சத்தம் மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை. சிலர் கார்ப் கிளீனர் அடிப்பார்கள். சூடான புகைக்குழாய்க்குப் பக்கத்தில் அதைச் செய்யும் துணிச்சல் எனக்கு இல்லை.

ஓட்டையின் குணம் காருக்குக் கார் மாறும். என் காரில் காற்றின் அளவை அறிய மேப் சென்சர், அதாவது மேனிஃபோல்ட் என்ற, எஞ்சினுக்குள் காற்று போகும் குழாயின் அழுத்தத்தை அளக்கும் சென்சர் இருக்கிறது. ஓட்டை வழியே காற்று புகுந்தால் அழுத்தம் ஏறும், எஞ்சினை நடத்தும் கணினியான ஈ.சி.யு. அதற்கேற்பப் பெற்றோலையும் கூட்டும், ஐடில் உயர்ந்து நிற்கும். இதற்கு முந்தைய ஏ.ஈ.101 லெவினில் மடல் வைத்த ஏர்ஃப்ளோ மீட்டர். அங்கே மடலைத் தாண்டிப் புகுந்த காற்று கணக்கில் வராது. பெற்றோல் பற்றாமல் எஞ்சின் தடுமாறும், அணைந்தும் போகும். உங்கள் காரில் எது என்பதை முதலில் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கு சொல்லும் எண்

போனட்டுக்கு அடியில் ‘டயக்னோசிஸ்’ என்று எழுதிய சிறு பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். மூடியின் உட்புறத்தில் துளைகளின் பெயர்கள் வரைந்திருக்கும். டி.ஈ.1, ஈ1 என்ற இரண்டையும் கண்டுபிடியுங்கள். சாவி அணைந்திருக்கும்போதே பேப்பர் கிளிப்பால் இரண்டையும் இணையுங்கள். துளையை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுச் செருகுங்கள். பக்கத்தில் பெட்டரி மின்சாரம் வரும் துளையும் இருக்கிறது, அதைத் தொட்டால் ஃபியூஸ் போய்விடும்.

ஏசி, லைட், ரேடியோ எல்லாம் அணைத்து, கியர் நியூட்ரலில், ஆக்சிலேட்டரில் கால் வைக்காமல் சாவியை ‘ஒன்’ வரை திருப்புங்கள். ஸ்டார்ட் செய்ய வேண்டாம். செக் லைட் நிற்காமல் ஒரே சீராக, விநாடிக்கு இரண்டு தடவை மின்னினால், ஈ.சி.யு. எந்தப் பழுதையும் பதியவில்லை. பழுது இருந்தால் எண்ணாகச் சொல்லும்: இரண்டு மின்னல், சிறு இடைவெளி, மறுபடி இரண்டு மின்னல் என்றால் 22. எல்லா எண்ணையும் சொல்லி முடித்துத் திரும்ப முதலிலிருந்து வரும். மூன்று சுற்றாவது பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள். முதல் சுற்றில் எண்ணுவது எப்போதும் பிழைக்கும்.

அடிக்கடி காண்பவை: 12, 13 எஞ்சின் சுழற்சி சிக்னல். 14 இக்னிஷன் சிக்னல். 21 ஆக்சிஜன் சென்சர், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பார்ப்பது. 22 தண்ணீர்ச் சூட்டுச் சென்சர். 24 உள்ளே வரும் காற்றின் வெப்பம். 31 மேப் சென்சர், மடல் மீட்டர் உள்ள காரில் அந்த மீட்டர். 41 திராட்டில் பொசிஷன். 42 வேகச் சென்சர், இதற்கு ஸ்பீடோமீட்டர் முள்ளும் சாட்சி சொல்லும். 52 நொக் சென்சர், எஞ்சினுக்குள் தட்டும் சத்தத்தைக் கேட்பது.

இரண்டு எண்கள் புதியவர்களை ஏமாற்றும். 51 பெரும்பாலும் பழுதே அல்ல. ஏசி ஓடிக்கொண்டிருந்தாலோ ஆக்சிலேட்டர் முழுதாக விடுபடாவிட்டாலோ வரும். 43 ஸ்டார்ட்டர் சிக்னல். சில கார்களில், பெட்டரி இறங்கி இறக்கத்தில் உருட்டிக் கிளச் விட்டு ஸ்டார்ட் செய்தாலே இது பதிந்துவிடும். மலைநாட்டில் உருட்டி ஸ்டார்ட் செய்யாத கார் எங்கே இருக்கிறது?

எண் வந்துவிட்டது என்று உடனே கடைக்குப் போகாதீர்கள். 22 என்றால் ‘தண்ணீர்ச் சூட்டுச் சென்சர் கெட்டுவிட்டது’ என்று அர்த்தமில்லை. ‘அந்தப் பக்கமிருந்து வரும் சிக்னல் நடக்கக்கூடிய எல்லைக்குள் இல்லை’ என்றுதான் அர்த்தம். சென்சராகவும் இருக்கலாம், பிளக்காகவும், எலி கடித்த வயராகவும் இருக்கலாம். இரவில் எஞ்சின் சூட்டுக்கு ஒதுங்கும் எலிகள் மற்ற இடங்களைவிட நம் ஊரில் அதிகம் என்பது என் சந்தேகம். இதன் மறுபக்கமும் உண்டு. சிக்னல் தவறாக இருந்தாலும் எல்லைக்குள் இருந்துவிட்டால் ஈ.சி.யு. வாயே திறக்காது. என்னை அதிகம் அலைக்கழித்தது அதுதான்.

தண்ணீர்ச் சூட்டுச் சென்சர்

மலைநாட்டில் ஒரு சென்சரைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

உள்ளே இருப்பது ஒரு தெர்மிஸ்டர். குளிரும்போது மின்தடை ஏறும், சூடாகும்போது இறங்கும். 20 பாகை செல்சியஸில் 2,000 முதல் 3,000 ஓம், 80 பாகையில் 200 முதல் 400 ஓம். வயர் முழுதாக அறுந்துபோனால் ஈ.சி.யு. 22ஐப் பதிந்துவிட்டு, எஞ்சின் 80 பாகையில் இருப்பதாகத் தானே வைத்துக்கொள்ளும். கொழும்பில் காலையே 27, 28 பாகை. கொஞ்சம் இழுத்தடித்தாலும் கார் ஸ்டார்ட் ஆகிவிடும். ஜனவரியில் நுவரெலியா விடியற்காலை 8 பாகையில், சூடான எஞ்சினுக்கு அளந்த பெற்றோலைப் போட்டால் அது எப்படி எழும்பும்? ஒரே பழுது, கீழே தெரியாது, மேலே படுத்துவிடும். ‘கொழும்பில் நல்லாத்தானே இருந்தது’ என்ற புலம்பலுக்குப் பின்னால் பல தடவை இருப்பது இந்தச் சென்சர்தான்.

என் காருக்குப் பிறகொரு சமயம் வந்த பழுதின் கதை வேறு மாதிரி. காலையில் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகும். ஆனால் சூடான பிறகும் ஐடில் 1,400 சுற்றிலிருந்து இறங்காது, பெற்றோல் நாற்றம், ஸ்பார்க் பிளக்குகள் அடுப்புக்கரி மாதிரி. செக் லைட் எரியவில்லை, எண்ணும் இல்லை. அப்போதுதான் தலவாக்கலையில் ஒரு பெரியவரிடம் காட்டினேன். அவர் போனட்டைத் திறந்து, எதையும் தொடாமல் சொன்னார்: “தம்பி, மொதல்ல வயரப் பாருங்க. சென்சர் எங்கயும் ஓடிப் போயிறாது.”

எஞ்சின் சூடாக இருக்கும்போது சென்சரின் பிளக்கைக் கழற்றி, சென்சரிலேயே அளந்தேன்: 310 ஓம். குறை சொல்ல இடமில்லை. பிறகு பிளக்கைத் திரும்ப மாட்டி, டாஷுக்கு உள்ளே ஈ.சி.யு.வின் பிளக்கைக் கழற்றி, அதே இரண்டு வயர்களின் மறுமுனையில் அளந்தேன்: 1,150. வழியில் எண்ணூறு ஓம் எங்கிருந்தோ சேர்ந்திருக்கிறது. பிளக்கைத் திருப்பி டார்ச் அடித்துப் பார்த்தால், ஒரு பின்னின் (வயர் முனையில் உள்ள உலோகத் துண்டின்) அடியில் செம்பு பச்சையாகப் பூத்துத் தூளாகக் கிடந்தது, பழைய பித்தளைக் குத்துவிளக்கின் இடுக்கில் இருக்குமே, அந்த மாதிரி. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சென்சரே மூவாயிரம், நாலாயிரம் ஓம் காட்டுவதால் கூடுதல் எண்ணூறு பெரிதாகத் தெரியாது. சூடானதும் அந்த எண்ணூறுதான் பெரும்பங்கு. ஈ.சி.யு. 40 பாகை என்று நினைத்துக்கொண்டு பெற்றோலை ஊற்றியிருக்கிறது. கன்டாக்ட் கிளீனரும் பல்தூரிகையும் பாதியைத்தான் சரிசெய்தன. புதிய பின் ஒன்று போட்டபின் ஐடில் 900க்கு இறங்கியது.

நீங்களும் இந்த ஒழுங்கிலேயே செய்யுங்கள். சென்சரில் அளந்து, அடுத்து ஈ.சி.யு. முனையில் அளந்து, இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஈ.சி.யு. பிளக்கைச் சாவி அணைத்து, பெட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டுத்தான் தொடவேண்டும். அவ்வளவு தூரம் போகத் தயக்கமாக இருந்தால் ஒரு குறுக்குவழி உண்டு. சென்சர் பிளக்கைக் கழற்றி, சாவி ஒன்னில் வைத்து, பிளக்கின் இரண்டு பின்களுக்கு இடையே வோல்ட் பாருங்கள். 5 வோல்ட் வந்தால் வயர் அறுந்துபோகவில்லை. ஒன்றுமே வராவிட்டால் அறுந்திருக்கிறது. ஆனால் என்னுடையதைப் போன்ற பச்சைப்பின் பழுதை இந்தக் குறுக்குவழி காட்டாது.

சென்சரைக் கழற்றிப் பாத்திரத்துத் தண்ணீரில் சூடாக்கிச் சோதிக்கும் வழி எல்லாப் புத்தகத்திலும் உண்டு. செய்யலாம், எஞ்சின் முழுதாகக் குளிர்ந்தபின் மட்டும். கழற்றும்போது கூலன்ட் கொஞ்சம் வழியும், திரும்பப் பூட்டியதும் நிரப்பிக் காற்றையும் வெளியேற்ற வேண்டும். தண்ணீர் கொதித்துவிட்டது, அப்படியானால் 100 பாகை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். அங்கே நல்ல சென்சர் 200 ஓமுக்குச் சற்று மேலே காட்டும். சமையலறைத் தேர்மாமீட்டர் இருந்தால் அதையும் தண்ணீரில் விடுங்கள். பாத்திரத்தைப் பற்றி வீட்டில் என்ன சொல்வார்கள் என்பது உங்கள் பொறுப்பு.

ஒரு பொறி: எஞ்சினில் சூட்டுச் சென்சர் இரண்டு இருக்கும். இரண்டு வயர் போவது ஈ.சி.யு.வுக்கு. ஒற்றை வயர் போவது டாஷில் உள்ள முள்ளுக்கு. ஒற்றை வயர் ஒன்றை மாற்றிவிட்டுக் கார் திருந்தவில்லை என்று திட்டுபவர்கள் உண்டு. நானும் ஒருநாள் திட்டினேன்.

மேப் சென்சர்

மலையில் அநியாயமாகக் குப்பைக்குப் போகும் பொருள் இதுதான். நான் முதலில் மாற்றிய இரண்டில் இதுவும் ஒன்று.

மூன்று வயர் இருக்கும்: மின்சாரம் வரும் வி.சி., சிக்னல் போகும் பி.ஐ.எம்., எர்த்தான ஈ2. சாவி ஒன், எஞ்சின் ஓடாமல், வி.சி.க்கும் ஈ2க்கும் இடையே 4.5 முதல் 5.5 வோல்ட் வரவேண்டும். பி.ஐ.எம்.மிலிருந்து ஈ2க்கு 3.3 முதல் 3.9 வரை என்று டொயோட்டா கையேடு சொல்லும். என் காரில் 3.0 வந்தது. எல்லையைவிடக் குறைவு, ஆகவே பழுது என்று கராஜில் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன்.

எஞ்சின் ஓடாதபோது மேப் சென்சர் அளப்பது வெறும் காற்றழுத்தத்தை. கையேட்டின் எண் கடல்மட்டத்து எண். அதே கையேடு, அழுத்தம் 100 மில்லிமீட்டர் பாதரசம் குறைந்தால் சுமார் 0.4 வோல்ட் இறங்க வேண்டும் என்றும் சொல்கிறது. நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 150 மில்லிமீட்டர் குறைவு. கணக்குப் போட்டால் 0.6 வோல்ட் இறங்க வேண்டும். கையேட்டு எல்லையின் நடுவான 3.6இல் 0.6 போனால் 3.0. என் சென்சர் துல்லியமாக உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது, அதைத்தான் கழற்றி எறிந்தேன். ஹட்டன், பண்டாரவளையில் 3.2 வந்தால் நல்லது. கண்டியில் 3.4ஐ ஒட்டி.

அடுத்தது, சென்சர் அசைகிறதா என்று பார்ப்பது. ஹோஸை மேனிஃபோல்ட் பக்கம் கழற்றி, முனையைத் துடைத்து, வாயால் உறிஞ்சுங்கள். 0.3, 0.4 வோல்ட் தாராளமாக இறங்கும், விட்டதும் பழைய எண்ணுக்குத் திரும்பும். இறங்கி நின்றுவிட்டாலோ மெல்ல ஊர்ந்து திரும்பினாலோ ஹோஸில் அடைப்பு. அசையவே இல்லை, ஆனால் 5 வோல்ட் வருகிறது என்றால், அப்போது சென்சரைக் குறை சொல்லலாம்.

அளக்கும்போது வயரின் தோலைக் குத்தாதீர்கள். பிளக்கின் பின்புறம், வயர் நுழையும் இடத்தில், தையல் ஊசியைப் பின்னைத் தொடும்வரை செருகி, அதில் மீட்டரை வையுங்கள். குத்தின ஓட்டை வழியே நம் ஊர் ஈரம் உள்ளே இறங்கும், ஒரு மழைக்காலம் போதும், வயர் உள்ளேயே பச்சையாகிவிடும்.

மற்றவை

திராட்டில் பொசிஷன் சென்சருக்கும் இதே 5 வோல்ட். சிக்னல் வயரில், திராட்டில் மூடியிருக்கும்போது 0.3 முதல் 0.8, முழுதாகத் திறந்தால் 3.2க்கு மேல். நடுவே மெதுவாக, மிக மெதுவாக, கையால் திறந்துகொண்டே எண்களைப் பாருங்கள். எங்காவது துள்ளினாலோ பூச்சியத்துக்கு விழுந்தாலோ உள்ளே பாதை தேய்ந்திருக்கிறது. தேய்வது பெரும்பாலும் ஐடிலுக்குச் சற்று மேலே, ஏனென்றால் காலம் முழுவதும் கால் நிற்பது அங்கேதான். கொட்டகலை டவுனில் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது கார் வெட்டி வெட்டி இழுத்தால் இதைச் சந்தேகியுங்கள்.

ஆக்சிஜன் சென்சரைப் பொறுத்தவரை, பழி ஓரிடம் பாவம் ஓரிடம். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, 2,500 சுற்றில் இரண்டு நிமிடம் பிடித்துவைத்து, சிக்னல் வயரில் அளந்தால் 0.1க்கும் 0.9க்கும் இடையே விடாமல் ஏறி இறங்கவேண்டும். பத்து விநாடியில் எட்டுத் தடவையாவது அசைந்தால் நல்லது. 0.9லேயே நின்றால் பெற்றோல் கூடிவிட்டது என்று அது சொல்கிறது. உடனே சென்சரை மாற்றாதீர்கள். ஒரு வெக்கம் ஹோஸை ஒரு விநாடி கழற்றிக் காற்றைப் புகவிடுங்கள். மடல் மீட்டர் உள்ள காரில் சட்டென்று 0.1க்கு விழுந்தால் சென்சர் உயிரோடுதான் இருக்கிறது, குற்றவாளி வேறு. மேப் காரில் ஈ.சி.யு. பெற்றோலைக் கூட்டிவிடும் என்பதால் இந்த வித்தை எடுபடாது. அங்கே ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டுப் பாருங்கள், பெற்றோல் நிற்கும் அந்தக் கணத்தில் எண் கீழே விழவேண்டும்.

சூடானதும் நடுவழியில் அணைந்து, அரைமணி ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல் ஸ்டார்ட் ஆகும் கார்கள் உண்டு. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்து சுழற்சி சிக்னலைத் தரும் பிக்கப் கொயில்தான் என் முதல் சந்தேகம். குளிர்ந்த கொயிலின் ஓம் அளவை எழுதிவைத்து, முடி உலர்த்தும் ஹேர் டிரையரால் பத்து நிமிடம் சூடாக்கி மறுபடி அளங்கள். தடை கொஞ்சம் ஏறுவது இயல்பு. முடிவிலியாகப் போய்விட்டால் பிடிபட்டது.

இன்டேக் காற்றின் வெப்பச் சென்சர், தண்ணீர்ச் சூட்டுச் சென்சரின் தம்பி, அதே எண்கள். நொக் சென்சரை வீட்டில் மீட்டரால் உருப்படியாகச் சோதிக்க முடியாது. 52 வந்தால் வயரை மட்டும் பார்த்துவிட்டுத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

எல்லா எண்களும் ஒன்றுபோலக் கொஞ்சம் கொஞ்சம் பிசகுகிறதா? எர்த்தைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது, லைட்டுகளை எரியவிட்டு, பெட்டரியின் மைனஸ் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே அளந்தால் 0.1 வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது. வந்தால் எர்த் வயரைக் கழற்றி, இரும்பு மினுங்கும்வரை தேய்த்துப் பூட்டுங்கள். ஐந்து சென்சர் வாங்கும் காசு மிச்சம்.

வாங்கத்தான் வேண்டும் என்றால்

கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழைய பொருளைக் கையோடு கொண்டுபோங்கள். டொயோட்டா பொருளின் மேல் எண் அச்சிட்டிருக்கும்: மேப் 89420, தண்ணீர்ச் சூடு 89422, திராட்டில் 89452, ஆக்சிஜன் 89465 என்று தொடங்கும். அதற்குப் பின்னால் வரும் ஐந்து எண்ணும் பொருந்தவேண்டும். ‘இதுவும் போகும் அண்ணே’ என்பார்கள், போகாது. மின்சாமானைத் திருப்பி எடுக்கும் கடை அபூர்வம், ஆகவே மீட்டரை அங்கேயே எடுத்து அளந்துவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. பழைய மேப் சென்சருக்கு நான் மூன்று டார்ச் பெட்டரியை வரிசையாக ஒட்டிக் கொண்டுபோவேன். 4.5 வோல்ட் கொடுத்தால், கொழும்பில் 3.2 அளவில் திரும்பி வரவேண்டும், உறிஞ்சினால் இறங்கவேண்டும். பாவித்த ஆக்சிஜன் சென்சரை மட்டும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பொருத்தியபின் சாவியை அணைத்து, 15 அம்பியர் ஈ.எஃப்.ஐ. ஃபியூஸைக் கழற்றிப் பழைய எண்களை அழிக்கவேண்டும். பத்து விநாடிக்கு மேல் போதும், குளிர்ந்த இடத்தில் கூடுதல் நேரம் விடவேண்டும் என்று டொயோட்டாவே சொல்லியிருக்கிறது. நான் நுவரெலியாவில் ஒரு நிமிடம் விடுவேன். பிறகு ஒரு ஏற்றம், ஒரு இறக்கம், கொஞ்சம் டவுன் நெரிசல் மூன்றும் கிடைக்கும்படி ஓட்டுங்கள். நுவரெலியாவிலிருந்து நானுஓயா வழியாகத் தலவாக்கலை போய்த் திரும்பினால் மூன்றும் அமைந்துவிடும். வந்ததும் பேப்பர் கிளிப்பை மறுபடி செருகி எண்களைப் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருக்கும் நாளிலும் ஒரு தடவை அளந்து கொப்பியில் எழுதிவிடுங்கள், ஊர்ப் பெயரோடு. என் டாஷ் லாச்சிக்குள் ஒட்டியிருக்கும் தாளில் இருப்பது இவ்வளவுதான்: நுவரெலியா, மேப் 3.0. ஹட்டன், 3.2. கம்பளை, 3.4. சூடான தண்ணீர், சென்சரில் 310, ஈ.சி.யு.வில் 312. ஐடில் 900.